நாள்பட்ட அழற்சிக்கு உணவும் சப்ளிமென்ட்டும்: பெங்களூருத் தமிழர்களுக்கு ஒரு படிப்படியான வழிகாட்டி

ரிப்போர்ட்டில் சி.ஆர்.பி. (உடலில் அழற்சி இருக்கும்போது ரத்தத்தில் கூடும் ஒரு புரதம்) தடித்த எழுத்தில் வந்திருக்கும். டாக்டர் "இன்ஃப்ளமேஷன் இருக்கு", அதாவது அழற்சி இருக்கிறது என்று ஒரு வரி சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்திருப்பார். வீடு திரும்புவதற்குள் ஊரிலிருந்து அத்தை போன் போட்டு மஞ்சள் பால் குடிக்கச் சொல்வார், ஆபீஸ் நண்பர் மீன் எண்ணெய் மாத்திரைக்கு லிங்க் அனுப்புவார், மெடிக்கல் ஷாப்காரர் கூடவே ஒரு மல்டிவைட்டமினைப் பையில் போடுவார். ஒரே வாரத்தில் மேசையில் ஐந்து டப்பா. மூன்று மாதம் கழித்து வலி குறைந்தால் எதனால் குறைந்தது என்று தெரியாது. கல்லீரல் பரிசோதனை கெட்டுப் போனாலும் எதனால் என்று தெரியாது.

இந்தக் குழப்பம் வேண்டாம் என்றுதான் இந்தக் கட்டுரை. மூட்டுவாதம் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்), சொரியாசிஸ், கொழுப்புக் கல்லீரல், சர்க்கரையோடும் உடல் பருமனோடும் வரும் அழற்சி ஆகியவற்றுக்கு ஏற்கெனவே சிகிச்சை எடுப்பவர்கள், அதோடு உணவையும் சப்ளிமென்ட்டையும் எந்த வரிசையில் சேர்ப்பது என்பதே இங்கே பேச்சு. டாக்டர் எழுதிய மருந்துக்குப் பதிலாக இதில் எதுவும் இல்லை. குறிப்பாக, மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் மெதோட்ரெக்சேட், ஸ்டீராய்டு போன்றவற்றை "இப்போதுதான் மஞ்சள் சாப்பிடுகிறேனே" என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். மூட்டுவாதத்தில் மருந்தை விட்ட சில மாதங்களில் தேயும் எலும்பு திரும்ப வளராது.

1. முதலில் காரணம், அப்புறம்தான் சாப்பாடு

சி.ஆர்.பி. கூடியிருப்பது ஒரு நோய் அல்ல. எங்கோ ஏதோ நடக்கிறது என்பதற்கான அடையாளம் மட்டுமே. காரணம் தெரியாமல் அந்த எண்ணை மட்டும் இறக்கப் பார்ப்பது ஆபத்து. நம் நாட்டில் காசநோயை மறக்கவே கூடாது. மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, காரணமில்லாத எடைக் குறைவு, இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் சப்ளிமென்ட் பேச்சை ஒதுக்கிவிட்டு டாக்டரிடம் போங்கள். மலத்தில் ரத்தம், ஒரு மூட்டு மட்டும் திடீரெனச் சிவந்து வீங்கிக் காய்ச்சலும் வருவது ஆகியவையும் அதே கணக்கு.

காலையில் எழுந்ததும் விரல்கள் மடங்காமல் அரை மணி, ஒரு மணி நேரம் விறைப்பாக இருக்கிறதா? அப்படியானால் எலும்பு டாக்டரைவிட மூட்டுவாத நிபுணரைப் பார்ப்பது நல்லது. அவர் மூட்டுவாதத்தைக் கண்டறியும் ஆர்.எஃப்., ஆன்டி சி.சி.பி. ரத்தப் பரிசோதனைகளை எழுதுவார். அதைத் தள்ளிப் போட்டு வலி மாத்திரையிலேயே வருடக்கணக்கில் ஓட்டுபவர்கள் நிறையப் பேர்.

எளிதாகச் சரிசெய்யக்கூடிய காரணங்களையும் பார்த்துவிடுங்கள். ஈறில் நாள்பட்ட தொற்று, புகைப் பழக்கம், குறட்டையோடு மூச்சுத் தடைபடும் தூக்கம், இடுப்புச் சுற்றளவு. ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் வயிற்றுக் கொழுப்பே அழற்சிப் பொருள்களைச் சுரக்கும் உறுப்பு போல நடந்துகொள்கிறது. எடையில் 5 முதல் 7 சதவீதம் குறைத்தாலே பலருக்கு சி.ஆர்.பி. இறங்கும். அதற்கு ஈடாக ஒரு சப்ளிமென்ட் மாத்திரையை நம்பாதீர்கள்.

2. தொடங்கும் முன் ஒரு அளவு

எதையும் சேர்க்கும் முன் இவற்றை எடுத்து வையுங்கள்: சி.ஆர்.பி., இ.எஸ்.ஆர். (சிவப்பணுக்கள் படியும் வேகம், அழற்சியைக் காட்டும் இன்னொரு அளவு), முழு ரத்த எண்ணிக்கை, கல்லீரல், சிறுநீரகப் பரிசோதனைகள், மூன்று மாதச் சராசரி சர்க்கரை, யூரிக் ஆசிட், வைட்டமின் டி. இவற்றில் சிலவற்றை டாக்டர் ஏற்கெனவே எழுதியிருப்பார். மூன்று மாதத்துக்குள் எடுத்ததென்றால் திரும்ப எடுக்க வேண்டியதில்லை.

இங்கே மூன்று இடத்தில் பலர் இடறுகிறார்கள்.

முதலாவது அலகு. ஒரு லேப் சி.ஆர்.பி.யை லிட்டருக்கு மில்லிகிராமில் தரும், இன்னொன்று டெசிலிட்டருக்கு மில்லிகிராமில் தரும். 0.8 என்று வந்ததும் குறைந்துவிட்டது என்று சந்தோஷப்படுவீர்கள், உண்மையில் அது லிட்டர் கணக்கில் 8. முன்னும் பின்னும் ஒரே லேபில் எடுங்கள், எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் அலகையும் படியுங்கள்.

இரண்டாவது நேரம். காய்ச்சல், தடுப்பூசி, பல் பிடுங்கியது, திடீரென ஜிம்மில் கடுமையாகப் பயிற்சி செய்தது எல்லாமே சி.ஆர்.பி.யைத் தற்காலிகமாக ஏற்றும். இரண்டு, மூன்று வாரம் விட்டு எடுங்கள். இதய ஆபத்தைக் கணிக்க, சி.ஆர்.பி.யின் சிறு அளவையும் நுட்பமாக அளக்கும் எச்.எஸ்.சி.ஆர்.பி.யில் லிட்டருக்கு 1 மி.கி.க்குக் கீழ் குறைவு, 1 முதல் 3 நடுத்தரம், 3-க்கு மேல் அதிகம். 10-ஐத் தாண்டினால் பெரும்பாலும் ஏதோ தொற்றோ கடும் அழற்சியோ நடக்கிறது என்று பொருள். அந்த ரிப்போர்ட்டை வைத்து இதயத்தைப் பற்றி முடிவெடுக்காமல், காரணத்தைத் தேடிவிட்டு மறுபடி எடுக்க வேண்டும். சி.ஆர்.பி.க்கு வெறும் வயிறு தேவையில்லை.

மூன்றாவது இ.எஸ்.ஆர். ரத்தசோகை, கர்ப்பம், வயது ஆகியவற்றாலும் அது ஏறும். ஆணுக்கு வயதில் பாதி, பெண்ணுக்கு வயதோடு 10 கூட்டி அதில் பாதி வரை சாதாரணம் என்பது டாக்டர்கள் வைத்திருக்கும் ஒரு தோராயக் கணக்கு. ஐம்பது வயதுப் பெண்ணுக்கு 28 வந்தால் பதற வேண்டியதில்லை.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். முடி உதிர்வுக்குச் சாப்பிடும் பயோட்டின் மாத்திரை தைராய்டு போன்ற சில பரிசோதனைகளின் முடிவை மாற்றிக் காட்டும். ரத்தம் கொடுக்கும் முன் இரண்டு, மூன்று நாள் அதை நிறுத்துங்கள், லேபிலும் சொல்லுங்கள்.

3. ஒரு ஃபைல் போடுங்கள்

பெங்களூருவில் ஒரே டாக்டரிடம் தொடர்ந்து போக முடிவதில்லை. வேலை மாறும், வீடு மாறும், இன்ஷூரன்ஸ் மாறும். அதனால் உங்கள் வரலாறு உங்கள் கையிலேயே இருக்க வேண்டும். தேதி வாரியாக ரிப்போர்ட்டுகள், மருந்துச் சீட்டுகள், ஒவ்வொரு சப்ளிமென்ட் டப்பாவின் முன்பக்க, பின்பக்கப் புகைப்படம், பேட்ச் எண் தெரியும் பில். கூடவே ஒரே தாளில் நீங்கள் சாப்பிடும் எல்லாவற்றின் பட்டியல்: பெயர், அளவு, நேரம், தொடங்கிய தேதி. ஊரிலிருந்து வரும் சூரணமும் லேகியமும் அந்தப் பட்டியலில் இருக்க வேண்டும். "அது மருந்து இல்லையே" என்று டாக்டரிடம் மறைப்பதுதான் கல்லீரல் பாதிப்பைத் தாமதமாகக் கண்டுபிடிக்க ஒரு முக்கியக் காரணம்.

சாதாரண இன்ஷூரன்ஸ் பாலிசிகள் சப்ளிமென்ட் செலவைத் தராது. வெளிநோயாளிச் செலவு சேர்ந்த பாலிசி என்றால், டாக்டர் எழுதிய சீட்டும் அதே பெயரில் பில்லும் இருந்தால் மட்டும் கேட்டுப் பாருங்கள்.

4. முதல் நான்கு வாரம் உணவு மட்டும்

சப்ளிமென்ட் டப்பாவைத் திறக்காமல் நான்கு வாரம் சாப்பாட்டை மட்டும் மாற்றுங்கள். பெரிய பங்கு வேலை இங்கேதான் நடக்கிறது, செலவும் குறைவு.

எதைக் குறைப்பது என்பதில் சுற்றி வளைக்க ஒன்றுமில்லை. இனிப்புப் பானங்கள், மைதா, பேக்கரிப் பண்டங்கள், திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் பொரித்தவை. பயன்படுத்திய எண்ணெயில் கெட்டுப்போன சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. விதி வைத்திருக்கிறது. சாலையோர வாணலியில் அதை யாரும் அளப்பதில்லை. கறுத்துப் புகையும் எண்ணெயில் போட்ட வடையை விட்டுவிடுங்கள். நின்றபடி சாப்பிடும் தர்ஷினி ஓட்டலில் காலைச் சாப்பாடு தவிர்க்க முடியாது என்றால் இட்லியும் சாம்பாரும் போதும். வடை, காரா பாத், கேசரி பாத் கூட்டணி தினமும் வேண்டாம். சூரியகாந்தி எண்ணெய் விஷம் என்று சுற்றும் பேச்சுக்குப் பயந்து மரச்செக்கு எண்ணெயைத் தாராளமாக ஊற்றுவதும் சரியல்ல. எந்த எண்ணெயானாலும் ஆளுக்கு மாதம் அரை லிட்டர் என்ற அளவே முக்கியம்.

சேர்ப்பதில் கொஞ்சம் கவனம் வேண்டும். தினமும் காய்கறி, கீரை, பழம் சேர்த்து 400 கிராம் குறையாமல் போக வேண்டும். சமைப்பதற்கு முன் ஒரு வாரம் தராசில் வைத்துப் பாருங்கள். நம் வீட்டில் கூட்டு, பொரியல் என்று பெயர் இருந்தாலும் ஆளுக்கு நூறு கிராம் தாண்டுவதில்லை என்பது அப்போதுதான் தெரியும். இரண்டு வேளைச் சோற்றைப் பாதியாக்கி, அந்த இடத்தில் ஒரு கிண்ணம் பருப்போ பயறோ, ஒரு கிண்ணம் காயோ வையுங்கள். குடலில் உள்ள நல்ல பாக்டீரியா நார்ச்சத்தைப் புளிக்க வைத்து உண்டாக்கும் கொழுப்பு அமிலங்கள் குடல் சுவரைப் பலப்படுத்தி அழற்சியை அடக்க உதவுகின்றன. ஒரே நாளில் கொண்டைக்கடலையையும் கொள்ளையும் குவித்தால் வயிறு உப்பும். வாரத்துக்கு வாரம் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள்.

ராகி இந்த ஊரில் எங்கும் கிடைக்கும், நல்லதும்கூட. ஆனால் நைசாகச் சலித்த ராகி மாவில் இனிப்புப் போட்டுக் கூழாகக் குடித்தால் சர்க்கரை வேகமாக ஏறும். சலிக்காத மாவில் ஒரே ஒரு முத்தை (களி உருண்டை), கீரைக் குழம்போடு, சோறு இல்லாமல். இதுதான் சரியான சேர்க்கை. முத்தையும் தின்று மேலே சோறும் போட்டுக்கொண்டால் பலன் இல்லை.

மீன் சாப்பிடுபவர்களுக்கு மத்தியும் கானாங்கெளுத்தியும்தான் முதல் தேர்வு. இங்கே மீன்கடையில் மத்தியை பூத்தாயி என்றும், கானாங்கெளுத்தியை பங்குடே என்றும் கேட்க வேண்டும். சிவாஜிநகர் ரஸல் மார்க்கெட்டில் கிடைக்கும். அழற்சியைக் குறைக்கும் ஒமேகா-3 கொழுப்புகளான இ.பி.ஏ., டி.எச்.ஏ. இரண்டும் சேர்ந்து 100 கிராம் மத்தியில் ஏறத்தாழ ஒரு கிராம், மீனில் கொழுப்பு ஏறும் காலத்தில் அதற்கு மேலும் இருக்கும். வாரம் மூன்று முறை, குழம்பாகவோ தோசைக்கல்லில் வாட்டியோ. முழுக எண்ணெயில் பொரித்தால் நல்ல கொழுப்பு வெளியேறிச் சமையல் எண்ணெய் உள்ளே போகிறது. மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடை இருப்பதால் அந்த இரண்டு மாதம் வரத்துக் குறையும், விலை ஏறும், ஐஸில் பல நாள் கிடந்த மீனும் வரும். செவுள் சிவப்பாகவும் கண் குழியாமலும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

யூரிக் ஆசிட் கூடுதலாக இருப்பவர்களும், அது மூட்டில் படிந்து கௌட் என்ற வலி வந்தவர்களும் இந்தப் பத்தியை அப்படியே பின்பற்றக் கூடாது. மத்தி, கானாங்கெளுத்தி, நெத்திலி மூன்றிலும் யூரிக் ஆசிடாக மாறும் பியூரின் அதிகம், வலி கிளம்பும். உங்களுக்கு மீன் அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

சைவம் என்றால் ஆளி விதை, வால்நட். மளிகைக் கடையில் அகஸெ பீஜ என்று கேளுங்கள். தினம் ஒரு மேசைக்கரண்டி, லேசாக வறுத்துப் பொடித்து. முழு விதையாக விழுங்கினால் அப்படியே வெளியே போய்விடும். பொடித்தது சீக்கிரம் காறல் வாடை அடிக்கும், எனவே வாரத்துக்கு வேண்டியதை மட்டும் பொடித்து ஃபிரிட்ஜில் வையுங்கள். இதில் இருப்பது தாவர ஒமேகா-3. உடல் இதில் சிறு பங்கையே இ.பி.ஏ.வாக மாற்றும், டி.எச்.ஏ.வாக மாறுவது அதைவிடக் குறைவு. ஆகையால் ஆளி விதையும் மீனும் சமம் என்ற கணக்குப் போடாதீர்கள். டாக்டர் ஒமேகா-3 வேண்டும் என்று சொன்னால் பாசியிலிருந்து எடுக்கும் சைவ மாத்திரை இருக்கிறது.

பி.ஜி. விடுதியில் தங்கியிருப்பவர்களுக்குச் சமையலறை இல்லை. அவர்கள் முளைகட்டிய பயறு, வேகவைத்த முட்டை, வறுத்த வேர்க்கடலை ஒரு கைப்பிடி, கொய்யா, ஹாப்காம்ஸ் என்ற கூட்டுறவுக் காய்கறிக் கடையில் வாங்கும் கேரட், வெள்ளரி ஆகியவற்றை மெஸ் சாப்பாட்டோடு சேர்த்துக்கொண்டு சோற்றைக் குறைத்தாலே நான்கில் மூன்று பங்கு வேலை முடிந்தது.

5. டப்பாவின் பின்பக்கத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

காசு வீணாவது பெரும்பாலும் இங்கேதான். முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் உள்ள எண்ணை நம்பாதீர்கள்.

மீன் எண்ணெயை எடுத்துக்கொள்வோம். முன்பக்கம் "1000 மி.கி." என்று இருக்கும். பின்பக்கச் சிறு எழுத்தில் இ.பி.ஏ. 180 மி.கி., டி.எச்.ஏ. 120 மி.கி. என்றிருக்கும். அதாவது வேலை செய்யும் பொருள் 300 மி.கி.தான், மீதி வெறும் கொழுப்பு. மூட்டுவாத ஆய்வுகளில் வலியும் காலை விறைப்பும் குறைந்தது, தினம் ஏறத்தாழ 2.7 முதல் 3 கிராம் வரை இ.பி.ஏ., டி.எச்.ஏ. கொடுத்தபோது. அந்த டப்பாவில் அந்த அளவை எட்ட ஒரு நாளைக்கு 9 மாத்திரை விழுங்க வேண்டும். ஒன்று மட்டும் சாப்பிட்டுவிட்டு "பலனே இல்லை" என்று சொல்பவர்களின் கதை இதுதான். ஒரு மாத்திரையில் இரண்டும் சேர்ந்து 900 மி.கி. உள்ள செறிவான வகை விலை கூடுதல் போலத் தெரியும். ஒரு கிராம் இ.பி.ஏ., டி.எச்.ஏ.வுக்கு எத்தனை ரூபாய் என்று வகுத்துப் பாருங்கள், பல நேரம் அதுவே மலிவாக வரும்.

காட் லிவர் ஆயில் வேறு, மீன் எண்ணெய் வேறு. காட் லிவர் ஆயிலில் வைட்டமின் ஏ சேர்ந்தே வரும். எண்ணிக்கையைக் கூட்டினால் அது அளவு மீறும், கர்ப்பிணிகளுக்கு ஆபத்து.

மஞ்சளிலும் இதே கணக்கு. மஞ்சள் தூளில் வேலை செய்யும் பொருளான குர்குமின் சராசரியாக 3 சதவீதம். ஒரு டீஸ்பூன், அதாவது 3 கிராம் மஞ்சளில் சுமார் 90 மி.கி. ஆய்வுகளில் கொடுப்பது நாளைக்கு 500 முதல் 1500 மி.கி. மஞ்சள் பால் தொண்டைக்கு இதமானது, குடியுங்கள், ஆனால் அதை மாத்திரை அளவோடு ஒப்பிட முடியாது. கடையில் "மஞ்சள் 500 மி.கி." என்று ஒரு டப்பா, "மஞ்சள் சாறு 500 மி.கி., 95% குர்குமினாய்டு" என்று இன்னொரு டப்பா. முதலாவதில் குர்குமின் 15 மி.கி. அளவில் இருக்கும், இரண்டாவதில் 475 மி.கி. பக்கத்துப் பக்கத்தில் ஒரே விலைக்கு அடுக்கியிருப்பார்கள்.

குர்குமினை உடல் எளிதில் ஏற்காது. 1998-இல் நம் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி மருந்தியல் துறையினர் வெளியிட்ட ஆய்வில், 2 கிராம் குர்குமினோடு மிளகில் உள்ள பைப்பரின் 20 மி.கி. சேர்த்தபோது உடல் ஏற்ற அளவு ஏறத்தாழ 20 மடங்கு கூடியது. அதனால்தான் பல டப்பாக்களில் பைப்பரின் இருக்கிறது. இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. வலிப்புக்கான ஃபெனிடோயின் போன்ற மருந்துகளின் அளவையும் பைப்பரின் ரத்தத்தில் ஏற்றிவிடும். பைப்பரினோ வேறு நுட்பமோ சேர்த்து எளிதில் ஏற்கும்படி செய்த குர்குமின் வகைகளில் சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு வந்ததும் பல நாடுகளில் பதிவாகியிருக்கிறது.

உரிமத்தையும் பாருங்கள். சப்ளிமென்ட் உணவு வகையில் வரும். 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண் இருக்க வேண்டும், "மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல" என்ற வாசகமும் இருக்க வேண்டும். எண்ணை எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் ஃபாஸ்காஸ் உரிமத் தளத்தில் போட்டால் நிறுவனத்தின் பெயர் வரும். பெயர் ஒத்துப் போகவில்லை என்றால் வாங்காதீர்கள். "மூட்டுவாதத்தைக் குணப்படுத்தும்" என்று ஒரு சப்ளிமென்ட் சொன்னால் அதுவே விதிமீறல்.

லேபிளே இல்லாமல் கூரியரில் வரும் பொட்டலங்கள்தான் எல்லாவற்றிலும் மோசம். இரண்டே நாளில் வலி பறந்துவிட்டது, பசி எடுக்கிறது, முகம் உப்புகிறது என்றால் உள்ளே ஸ்டீராய்டு கலந்திருக்க வாய்ப்பு அதிகம். அதைத் திடீரென நிறுத்தினாலும் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். எனவே பொட்டலத்தோடு டாக்டரிடம் போய் அவர் சொல்லும் வேகத்தில் குறையுங்கள்.

6. எதை, எவ்வளவு, எந்த வரிசையில்

ஐந்தாவது வாரத்திலிருந்து, ஒரு நேரத்தில் ஒன்று. ஒன்றைத் தொடங்கினால் குறைந்தது நான்கு வாரம் இன்னொன்றைச் சேர்க்காதீர்கள்.

வைட்டமின் டி முதலில் வரட்டும், ஆனால் ரிப்போர்ட்டில் குறைந்திருந்தால் மட்டும். மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமுக்குக் கீழ் என்றால் குறைபாடு. பெரும்பாலான டாக்டர்கள் வாரம் ஒன்று வீதம் 60,000 ஐ.யு., எட்டு வாரம், பிறகு மாதம் ஒன்று என்று எழுதுவார்கள். இந்த "வாரம் ஒன்று" என்பதைத் தினமும் என்று எடுத்துக்கொண்டு, கால்சியம் ஏறி வாந்தியும் சிறுநீரகப் பாதிப்புமாக மருத்துவமனைக்கு வருபவர்கள் உண்டு. காலண்டரில் ஞாயிற்றுக்கிழமையை வட்டமிட்டு, அன்றைய மதியச் சாப்பாட்டுக்குப் பின் எடுங்கள். கொழுப்புள்ள உணவோடு எடுத்தால் நன்றாக ஏறும். மெதோட்ரெக்சேட்டும் வாரம் ஒரு நாள் மாத்திரைதான். இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள், அந்த மருந்தைத் தினமும் எடுப்பது உயிரைப் பறிக்கும்.

அடுத்து மீன் எண்ணெய், மூட்டு அழற்சி உள்ளவர்களுக்கு. ஒரு கிராம் இ.பி.ஏ., டி.எச்.ஏ.வில் தொடங்கி, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கூட்டி, டாக்டர் ஒப்புக்கொண்டால் 2.7 கிராம் வரை. சாப்பாட்டின் நடுவில் எடுத்தால் மீன் ஏப்பம் குறையும். பலன் தெரிய இரண்டு, மூன்று மாதம் ஆகும். புது டப்பா வந்ததும் ஒரு மாத்திரையை ஊசியால் குத்தி மோந்து பாருங்கள். லேசான மீன் வாசனை சரி, பழைய பெயின்ட் போல நெடி அடித்தால் கெட்டுப் போனது, திருப்பி அனுப்புங்கள். அதிக அளவில் எடுப்பவர்களுக்கு இதயத் துடிப்பு சீரற்றுப் போகும் வாய்ப்புச் சற்றுக் கூடுகிறது. படபடப்பு இருந்தால் நிறுத்திவிட்டுக் காட்டுங்கள்.

குர்குமின் மூன்றாவது. முழங்கால் தேய்மான வலியில் இதற்கு ஓரளவு சான்று இருக்கிறது. 500 மி.கி. ஒரு வேளை, சாப்பாட்டோடு. இரண்டு வாரம் வயிறு ஏற்றுக்கொண்டால் இரண்டு வேளை. தொடங்கி ஆறாவது வாரத்தில் கல்லீரல் பரிசோதனை. சிறுநீர் தேநீர் நிறத்துக்கு மாறினால், கண் மஞ்சளானால், உடம்பெல்லாம் அரித்தால் அன்றே நிறுத்துங்கள்.

சல்லகி (போஸ்வெல்லியா) என்ற மரப்பிசின் சிலருக்கு முழங்கால் வலியில் உதவுகிறது, ஆய்வுகள் சிறியவை. கொலாஜென், "டிடாக்ஸ்" பானங்கள், கிரீன் டீ சாறு மாத்திரைகள் ஆகியவற்றுக்கு இந்த வேலைக்காகக் காசு செலவழிக்க வேண்டாம். கிரீன் டீ சாறு மாத்திரையாகச் செறிவாகப் போகும்போது கல்லீரலைத் தாக்கியிருக்கிறது. சீந்தில் கொடியும் அப்படித்தான். எதிர்ப்புச் சக்திக்கென்று தொடர்ந்து குடித்தவர்களுக்குக் கல்லீரல் அழற்சி வந்ததை நம் நாட்டு மருத்துவர்களே பதிவு செய்திருக்கிறார்கள். மூட்டுவாதம் போல, எதிர்ப்புச் சக்தி தன் உடலையே தாக்கும் நோய் உள்ளவர்கள் சீந்திலைத் தொடவே வேண்டாம்.

7. டாக்டரைக் கேட்காமல் சப்ளிமென்ட்டைத் தொடக் கூடாதவர்கள்

ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின், அசிட்ரோம், குளோபிடோக்ரெல் எடுப்பவர்கள். பித்தப்பைக் கல் உள்ளவர்கள். சிறுநீரகக் கல் உள்ளவர்களும், ஏனென்றால் மஞ்சளில் கல்லை உண்டாக்கும் ஆக்சலேட் அதிகம். கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள், சிறுநீரகம் அல்லது கல்லீரல் பலவீனமானவர்கள். அறுவை சிகிச்சையோ பல் பிடுங்குவதோ தேதி குறித்தாயிற்று என்றால் மீன் எண்ணெய், குர்குமின், பூண்டு மாத்திரைகளைப் பற்றி முன்கூட்டியே சொல்லுங்கள். பொதுவாக இரண்டு வாரத்துக்கு முன்பே நிறுத்தச் சொல்வார்கள்.

தைராய்டு மாத்திரைக்கும் கால்சியம், இரும்பு மாத்திரைகளுக்கும் நடுவே நான்கு மணி நேரம் விடுங்கள். இரும்பு விஷயத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. அழற்சி இருக்கும்போது, இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவு தானாகவே ஏறும். ரிப்போர்ட்டில் ஃபெரிட்டின் சரியாகத் தெரிந்தாலும் உள்ளே இரும்பு குறைந்திருக்கலாம். சோர்வும் மூச்சிரைப்பும் இருந்தால் அந்த எண்ணை மட்டும் பார்த்து நிம்மதியாகாமல் டாக்டரிடம் கேளுங்கள்.

8. செலவு

விலை லேபுக்கு லேப், கடைக்குக் கடை மாறும், இது தோராயம். சி.ஆர்.பி. 300 முதல் 600 ரூபாய், இ.எஸ்.ஆர். 100 முதல் 200, வைட்டமின் டி ஆயிரத்துக்கு மேல். தனித்தனியாக எடுப்பதைவிட பேக்கேஜ் மலிவு என்பார்கள். உங்களுக்குத் தேவையில்லாத அறுபது பரிசோதனை அதில் இருக்கும், அதில் ஏதாவது ஒன்று லேசாக விலகி நிற்கும், அதைத் துரத்தி இன்னொரு செலவு. டாக்டர் எழுதியதை மட்டும் எடுங்கள். வைட்டமின் டி, ஃபோலிக் ஆசிட், கால்சியம் போன்றவற்றை மக்கள் மருந்தகத்தில் (ஜன் ஔஷதி கடை) கேட்டுப் பாருங்கள், அங்கே விலை கணிசமாகக் குறையும்.

மாதம் இரண்டாயிரம் ரூபாய்தான் ஒதுக்க முடியும் என்றால், முதல் ஆயிரத்தை மீன், முட்டை, பயறு, காய்க்குப் போடுங்கள். மிச்சத்தில் ஒரே ஒரு சப்ளிமென்ட், சரியான அளவில். மூன்றைப் பாதிப் பாதி அளவில் எடுப்பது மூன்றையும் எடுக்காததற்குச் சமம். ஆறு மாத டப்பாவைத் தள்ளுபடியில் வாங்காதீர்கள். ஒத்துக்கொள்ளவில்லை என்றால் முழுதும் வீண், மீன் எண்ணெய் என்றால் திறந்த பின் கெட்டும் போகும்.

9. பன்னிரண்டு வாரம் கழித்து

ஒவ்வொரு சப்ளிமென்ட்டுக்கும் அது முழு அளவை எட்டிய நாளிலிருந்து பன்னிரண்டு வாரம் கொடுங்கள். அந்த நாட்களில் தினம் இரண்டே குறிப்பு போதும்: காலை விறைப்பு எத்தனை நிமிடம், வலி பத்துக்கு எவ்வளவு. ரத்தப் பரிசோதனை ஒரு நாளின் நிலையைத்தான் காட்டும், இந்தக் குறிப்புதான் மூன்று மாதத்தைக் காட்டும். முடிவில் அதே லேபில் சி.ஆர்.பி., இ.எஸ்.ஆர்., கல்லீரல், சிறுநீரகம். எட்டு வார வைட்டமின் டி முடித்தவர்கள் அதையும் ஒரு முறை பாருங்கள். 100-ஐத் தாண்டியிருந்தால் உடனே நிறுத்த வேண்டும்.

விறைப்பும் எண்ணும் இரண்டும் குறைந்திருந்தால் அந்த சப்ளிமென்ட் தொடரலாம், மருந்தின் அளவைக் குறைப்பதா என்று டாக்டரிடம் கேட்கும் நேரமும் இதுதான். ஒன்று குறைந்து மற்றது குறையவில்லை என்றால், சப்ளிமென்ட்டை நான்கு வாரம் நிறுத்திக் குறிப்பைத் தொடருங்கள். வலி திரும்பினால் அது வேலை செய்தது, திரும்பவில்லை என்றால் அந்தக் காசு இனி மத்தி வாங்கப் போகட்டும். இரண்டுமே ஏறியிருந்தால் இன்னொரு டப்பாவைத் தேடாமல், அந்த வாரமே ஃபைலோடு நிபுணரிடம் போங்கள். வழக்கமான மருந்தின் அளவு போதவில்லை என்பதுதான் பெரும்பாலும் காரணமாக இருக்கும்.